காடு படித்த கிழவர்

காட்டில் இரண்டு மரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அடிக்கட்டைகள் மட்டும் நிற்கின்றன. பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றும்? ‘யாரோ மரம் வெட்டியிருக்கிறார்கள்’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவீர்கள். பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்வார்கள்.

ஆனால், அந்தக் கட்டைகளுக்கு அருகே நின்ற ஒரு கிழவர் வேறு மாதிரிச் சொன்னார். மரங்களை வெட்டியது வசந்த காலத்தில். வெட்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் நெட்டை. அவரிடம் இருந்தது மழுங்கிய கோடரி. இன்னொருவர் குட்டை. அவருடைய கோடரி நல்ல கூர்மையானது!

அவர் என்ன, மந்திரவாதியா? இல்லை. கொஞ்சம் யோசித்தால் நமக்கே புரிந்துவிடும். உயரமான ஆள் வெட்டினால் வெட்டு மேலே விழும். குள்ளமானவர் வெட்டினால் கீழே விழும். கூரான கோடரி மரத்தை வழவழவென்று சீவித் தள்ளும். மழுங்கிய கோடரி நாரையெல்லாம் பிய்த்து வைக்கும். கட்டையின் நிறமும் பட்டையின் நிலையும் எந்தப் பருவத்தில் வெட்டியது என்பதைக் காட்டிக் கொடுக்கும். எல்லாம் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கிறது. நாம்தான் பார்ப்பதில்லை.

அந்தக் கிழவரின் பெயர் தெர்சு உஸாலா. பள்ளிக்கூடம் போனதில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், காட்டை வரி வரியாகப் படிக்கத் தெரிந்தவர். நூறு ஆண்டுகளுக்கு முன்னால், ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் அடர்ந்த காடுகளில் ஒரு ராணுவக் குழுவுக்கு வழிகாட்டியாக நடந்தவர். அந்தப் பயணங்களின் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

புலியும் பனியும்

முதலில் இடம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். உலக வரைபடத்தை எடுத்து ரஷ்யாவின் வலது ஓரத்துக்கு வாருங்கள். கீழ்க்கோடியில் விளாதிவஸ்தோக் என்ற துறைமுக நகரம் தெரியும். தலைநகர் மாஸ்கோவிலிருந்து ரயிலில் போனால் 9,289 கிலோமீட்டர். போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்!

விளாதிவஸ்தோக்குக்கு வடக்கே, ஜப்பான் கடலை ஒட்டியபடி சுமார் 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. அதன் பெயர் சிகோத்தே–அலின். மலைக்கு மேற்கே உசூரி நதி பாய்கிறது. நதிக்கு அந்தப் பக்கம் சீனா. இந்த மலைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் பரந்து கிடப்பதுதான் உசூரிக் காடு. குளிர் நாடுகளில் உள்ள இப்படிப்பட்ட காட்டைத் ‘தைகா’ என்று சொல்வார்கள்.

இது வேடிக்கையான காடு. வடக்கே பனிப் பிரதேசத்தில் வளரும் ஊசியிலை மரங்கள் இங்கே நிற்கும். வெப்பமான இடங்களுக்கு உரிய காட்டுத் திராட்சைக் கொடி அந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு ஏறும். பழுப்புக் கரடியும் உண்டு, கருங்கரடியும் உண்டு. விலை உயர்ந்த ரோமம் கொண்ட சேபிள் என்ற சின்ன விலங்கு பனியில் ஓடிக்கொண்டிருக்கும். அதே பனியில் புலியின் காலடியும் பதிந்திருக்கும். ஆமாம், புலிதான்! முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் திரிகிற நம் புலியின் இனம்தான் அதுவும். குளிரைத் தாங்க அடர்த்தியான ரோமம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

1900ஆம் ஆண்டில் விளதீமிர் அர்சேனியெவ் என்ற இளம் ராணுவ அதிகாரி இந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 28 கூட ஆகவில்லை. சிகோத்தே–அலின் மலைகளின் பெரும்பகுதிக்கு அன்று சரியான வரைபடமே கிடையாது. ஆறு எங்கே பிறக்கிறது, மலையில் கணவாய் எங்கே இருக்கிறது, யார் யார் வசிக்கிறார்கள் என்று பார்த்து எழுதி, வரைபடம் போடுவதுதான் அவருக்குக் கிடைத்த வேலை. சில சிப்பாய்கள், மூட்டை சுமக்கும் குதிரைகள், திசைகாட்டி, ஒரு நோட்டுப் புத்தகம். இவற்றோடு கிளம்பினார்.

இருட்டில் வந்தவர்

ஓர் இரவு குழுவினர் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மேட்டிலிருந்து கற்கள் உருளும் சத்தம் கேட்டது. கரடியாக இருக்கும் என்று நினைத்துச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். உடனே இருட்டுக்குள்ளிருந்து, சுடவேண்டாம், வருவது மனிதன்தான் என்று அரைகுறை ரஷ்ய மொழியில் ஒரு குரல் வந்தது.

வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். குள்ளமான உருவம். மான் தோல் சட்டை. முதுகில் மூட்டை. கையில் பழைய துப்பாக்கி. நெருப்பருகே உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட்டு, புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு தன் கதையைச் சொன்னார். அவர் நானாய் என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். மீன் தோலைப் பதப்படுத்தி அழகழகான உடைகள் தைப்பதில் கெட்டிக்காரர்கள் நானாய் மக்கள். அந்த நாளில் ரஷ்யர்கள் அவர்களைக் ‘கோல்டு’ என்று அழைத்தார்கள்.

தெர்சுவுக்கு ஒரு மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருந்தார்கள். பெரியம்மை நோய் வந்து மூன்று பேரையும் கொண்டு போய்விட்டது. அதன் பிறகு அவருக்கு வீடு என்று ஒன்று கிடையாது. காடே வீடு. இரவு எங்கே நெருப்பு மூட்டுகிறாரோ அங்கே தூக்கம்.

மறுநாள் தங்களோடு வருமாறு அர்சேனியெவ் கேட்டார். தெர்சு சம்மதித்தார். இந்தச் சந்திப்பு 1902ஆம் ஆண்டில் நடந்ததாக அர்சேனியெவ் தன் நூலில் எழுதியிருக்கிறார். ஆனால், அவருடைய நாட்குறிப்பைப் படித்த ஆராய்ச்சியாளர்கள், அவர்கள் சந்தித்தது 1906ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் என்று சொல்கிறார்கள். கதை ஓட்டத்துக்காக அவர் ஆண்டுகளை மாற்றிப் போட்டிருக்கிறார். அதனால், நாம் இங்கே படிக்கும் நிகழ்ச்சிகளில் சிலவற்றின் தேதி முன்னே பின்னே இருக்கலாம். தெர்சு உண்மையான மனிதர் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. அவருடைய புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன.

அடுத்து வருபவருக்கு

வழிகாட்டி என்றால் முன்னால் நடந்து பாதையைக் காட்டுபவர் என்றுதான் அர்சேனியெவ் முதலில் நினைத்திருந்தார். நடக்க நடக்கத்தான் விஷயம் புரிந்தது.

காட்டில் ஒற்றையடிப் பாதை ஒன்று போகிறது. அது மனிதன் போட்ட பாதையா, விலங்கு போட்ட பாதையா? தெர்சு கிளைகளைப் பார்ப்பார். மனிதன் நடக்கும் வழி என்றால், முகத்தில் அடிக்கும் கிளைகளை ஒடித்துவிட்டிருப்பான். விலங்குகள் குனிந்து போய்விடும், கிளை அப்படியே இருக்கும். இவ்வளவு சுலபம்! இத்தனையும் கண்ணில் படாமல் இந்த நகரத்து ஆட்கள் எப்படித்தான் உயிர் பிழைக்கிறார்களோ என்று தெர்சுவுக்கு ஆச்சரியம்.

வெட்டிய மரங்களைப் பார்த்துத் துப்பறிந்தாரே, அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மரப்பட்டையால் கூரை வேய்ந்த ஒரு சின்னக் குடிசை இருந்தது. உள்ளே யாரும் இல்லை. மற்றவர்கள் ஓய்வெடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானார்கள். தெர்சு மட்டும் கூரையின் ஓட்டையை அடைத்தார். விறகு பிளந்து உள்ளே அடுக்கினார். பிறகு அர்சேனியெவிடம் வந்து கொஞ்சம் உப்பும் அரிசியும் தீக்குச்சியும் கேட்டார். அவற்றை மரப்பட்டையில் பத்திரமாகச் சுற்றிக் குடிசைக்குள் கட்டித் தொங்கவிட்டார்.

“திரும்பி இங்கே வரப்போகிறீர்களா?” என்று கேட்டார் அர்சேனியெவ்.

தெர்சு இல்லை என்று தலையாட்டினார். தான் வரப்போவதில்லை, வேறு யாராவது வருவார்கள். பசியோடும் குளிரோடும் வருகிறவருக்குக் காய்ந்த விறகு இருக்கும், நெருப்பு இருக்கும், சாப்பாடு இருக்கும், சாகாமல் பிழைத்துக்கொள்வார் என்றார்.

வரப்போகிறவர் யார் என்று அவருக்குத் தெரியாது. வந்தவர் சாப்பிட்டாரா என்பதும் தெரியப்போவதில்லை. இருந்தும் வேலையை முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார். ராணுவ அதிகாரி அன்று இரவு வெகுநேரம் அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு நாள், சாப்பிட்டு மீந்த இறைச்சித் துண்டை ஒரு சிப்பாய் நெருப்பில் வீசினார். தெர்சு பதறிப்போய் அதை எடுத்து வெளியே போட்டார். நாளைக்கு நாம் போய்விடுவோம், வேறு ஆட்கள் வந்து சாப்பிடுவார்களே என்று கோபித்துக்கொண்டார். இந்தக் காட்டில் வேறு ஆட்கள் யார் என்று சிப்பாய்க்குக் குழப்பம். தெர்சு விரல் விட்டு எண்ணினார்: வளைக்கரடி, காக்கை, எலி, எறும்பு...

ஆமாம், தெர்சுவுக்கு எல்லாமே ‘ஆட்கள்’தான்! காட்டுப் பன்றியும் நம்மைப் போன்ற ஆள்தான், போட்டிருக்கும் சட்டை மட்டும் வேறு. நெருப்பு ஓர் ஆள், தண்ணீர் ஓர் ஆள், காற்று ஓர் ஆள். இந்த மூவருக்கும் கோபம் வந்தால் ஆபத்து. எல்லாரையும்விடப் பெரிய ஆள் சூரியன். அவர் போய்விட்டால் மற்ற எல்லாரும் போய்விடுவார்கள். சிப்பாய்கள் முதலில் இதையெல்லாம் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது.

ஹன்கா ஏரி

ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் நடுவே ஹன்கா என்று ஓர் ஏரி. பரப்பளவு சுமார் 4,000 சதுர கிலோமீட்டர். கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை தெரியாது, கடல் போலவே இருக்கும். ஆனால் ஆழம் மிகக் குறைவு. அதனால், காற்று அடித்தால் பெரிய பெரிய அலை எழும்பிவிடும். சுற்றிலும் சதுப்பு நிலம். ஆளுயரப் புல்லும் நாணலும் மண்டிக் கிடக்கும். மரம் என்று பெயருக்குக்கூட ஒன்று இல்லை.

இலையுதிர் காலத்தின் கடைசி. குழுவினர் லெஃபு என்ற ஆற்றின் வழியாக ஏரியை நோக்கி வந்தார்கள். (அந்த ஆற்றுக்கு இப்போது இலிஸ்தாயா என்று பெயர்.) மற்றவர்களைப் படகருகே விட்டுவிட்டு, அர்சேனியெவும் தெர்சுவும் மட்டும் ஏரியைப் பார்க்கப் போனார்கள். பார்த்துவிட்டுத் திரும்பும்போது வழி தவறிவிட்டது. எந்தப் பக்கம் போனாலும் சேறு, இல்லாவிட்டால் வாய்க்கால்.

தெர்சு வானத்தைப் பார்த்தார். காலையில் கூட்டம் கூட்டமாகப் பறந்துகொண்டிருந்த வாத்துகளையும் நீர்ப்பறவைகளையும் இப்போது காணவில்லை. எங்கும் ஒரே அமைதி. அவர் முகம் மாறியது. பறவைகள் சும்மா ஓடிப்போகாது!

சற்று நேரத்தில் காற்று கிளம்பியது. பொழுது சாயச் சாயப் பனியும் சேர்ந்துகொண்டது. குளிர் எலும்புக்குள் இறங்கியது. மூட்ட நெருப்பு இல்லை, ஒதுங்க ஒரு மரம் இல்லை. விடியும்வரை இப்படியே நின்றால் இரண்டு பேரும் உறைந்து செத்துப்போவது நிச்சயம்.

புல்லை அறு, சீக்கிரம் அறு என்று கத்தினார் தெர்சு. எதற்கு என்று கேட்க நேரமில்லை. அர்சேனியெவ் கத்தியை எடுத்து வெட்டினார். கை மரத்துப்போனது. கண்ணில் பனி அடித்தது. வெட்ட வெட்டக் காற்று பாதிப் புல்லை வாரிக்கொண்டு போனது. சட்டை நனைந்து, அப்படியே ஐஸ் தகடு போல இறுகியது. கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தலை சுற்றியது. உடம்பில் ஒரு சொகுசான தூக்கம் பரவியது. கடுங்குளிரில் வரும் அந்தத் தூக்கம் மிகவும் ஆபத்தானது. அதில் விழுந்தவர்கள் பெரும்பாலும் எழுந்திருப்பதில்லை. அர்சேனியெவ் கீழே சாய்ந்தார்.

கிழவர் நிறுத்தவில்லை. அவருக்கும் அதே குளிர்தான், அதே நனைந்த சட்டைதான். அர்சேனியெவின் மேல் துணியைப் போர்த்தினார். அதன்மேல் அறுத்த புல்லைக் குவித்தார். காற்று தூக்கிப் போகாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டினார். பிறகு தானும் உள்ளே நுழைந்துகொண்டார். மேலே பனி விழ விழ, அந்தப் புல் குவியலைப் பனியே ஒரு கம்பளி போல மூடிவிட்டது.

பனி எப்படிக் கம்பளி ஆகும் என்று கேட்பீர்கள். புதிதாக விழுந்த பனிக்குள் ஏராளமான காற்று அடைபட்டிருக்கும். அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. புல்லுக்கு இடையில் இருக்கும் காற்றும் அப்படியே. உள்ளே இரண்டு பேரின் உடம்புச் சூடு வெளியே போகாமல் தங்கிவிட்டது. தெர்சுவுக்கு இந்த அறிவியல் பாடத்தை யாரும் நடத்தவில்லை. ஆனால், பாடத்தின் விடை அவருக்குத் தெரியும்.

அர்சேனியெவ் கண் விழித்தபோது கதகதப்பாக இருந்தது. இருட்டாக இருந்தது. மேலே ஏதோ அழுத்தியது. தெர்சு பனியை உதறிக்கொண்டு முதலில் வெளியே போனார். புயல் ஓய்ந்திருந்தது. சுற்றிலும் எல்லாம் வெள்ளை.

அர்சேனியெவ் நன்றி சொன்னார். தெர்சுவுக்கு அது புரியவே இல்லை. சேர்ந்து நடக்கிறோம், சேர்ந்து வேலை செய்கிறோம், இதில் நன்றி எதற்கு?

ரயில் பாதை வரை வந்ததும் இருவரும் பிரிந்தார்கள். ஊருக்கு வரும்படி அர்சேனியெவ் அழைத்தார். தெர்சு மறுத்துவிட்டார். ஊரில் என்ன இருக்கிறது, அங்கே வேட்டையாட முடியுமா என்று கேட்டார். துப்பாக்கிக்குத் தோட்டாக்கள் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு மலையை நோக்கி நடந்தார்.

அம்பாவோடு ஒரு பேச்சு

1906, 1907 ஆகிய ஆண்டுகளில் அர்சேனியெவ் நீண்ட பயணங்கள் போனார். தெர்சுவும் கூடவே போனார். சிகோத்தே–அலின் மலையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பல தடவை கடந்தார்கள். கடற்கரை ஓரமாக நடந்தார்கள். பெயர் தெரியாத ஆறுகளின் பிறப்பிடம்வரை ஏறினார்கள். ஒருமுறை வேகமாக ஓடும் ஆற்றில் தெப்பம் அடித்துக்கொண்டு போனது. நடு ஆற்றில் சிக்கிக்கொண்ட தெர்சு பதறவில்லை. கரையில் நின்ற ஒரு பெரிய மரத்தைக் கைகாட்டினார். அதை வெட்டித் தண்ணீரில் சாய்த்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு கரையேறினார். காப்பாற்ற வேண்டிய வழியையும் அவரேதான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது!

ஒரு நாள் தங்கள் பழைய காலடித் தடத்தின் மேலேயே புதிதாகப் புலியின் தடம் பதிந்திருப்பதைப் பார்த்தார்கள். புலி பின்தொடர்ந்து வருகிறது! நானாய் மக்கள் புலியை ‘அம்பா’ என்பார்கள். தெர்சு நின்றார். புதரைப் பார்த்து, எதிரே நிற்கும் மனிதரோடு பேசுவதுபோல உரக்கப் பேசினார். நாங்கள் எங்கள் வழியில் போகிறோம், உனக்குத் தொந்தரவு செய்யவில்லை, பின்னால் ஏன் வருகிறாய், இத்தனை பெரிய காட்டில் உனக்கு இடமா இல்லை என்று கேட்டார். அதற்குப் பிறகு புலி தொந்தரவு செய்யவில்லை.

புலிக்கு அவர் பேச்சு புரிந்ததா என்று நீங்கள் சண்டை போட்டுக்கொள்ளலாம். நின்று, நிமிர்ந்து, உரத்த குரலில் பேசும் மனிதனை விட்டு விலங்குகள் பெரும்பாலும் ஒதுங்கிப் போகும் என்பதும் உண்மைதான். தெர்சு அதையெல்லாம் கணக்குப் போட்டுச் செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரித்தான் பேசினார். புலியைச் சுடுவது பெரும் பாவம் என்று நம்பியவர் அவர்.

தண்ணீருக்குக் காசா?

1907ஆம் ஆண்டுப் பயணத்தில்தான் அது நடந்தது. தெர்சு ஒரு மானைக் குறிவைத்தார். தவறிவிட்டது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மரத்தில் ஓர் அடையாளம் வைத்துச் சுட்டுப் பார்த்தார். மீண்டும் தவறியது. மறுபடியும் தவறியது. அவர் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டார். கண் மங்கிக்கொண்டிருந்தது.

நமக்குக் கண் மங்கினால் கண்ணாடி போட்டுக்கொள்வோம். காட்டில் தனியாக வாழும் வேட்டைக்காரருக்குக் கண் போனால் சாப்பாடு போனது என்று அர்த்தம். “என் வீட்டுக்கு வந்துவிடுங்கள். நான் இருக்கிறவரை உங்களுக்கு இடம் உண்டு” என்றார் அர்சேனியெவ். கிழவர் நெகிழ்ந்துபோனார். காட்டுக்குள் ஓர் இடத்தில் தான் ரகசியமாக நட்டு வளர்த்துவந்த ஜின்செங் மூலிகைச் செடிகளை அவருக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அந்த வேர் தங்கம் போல விலை போகும். தெர்சுவிடம் இருந்த ஒரே சொத்து அதுதான்.

1908 ஜனவரியில் இருவரும் கபரோவ்ஸ்க் நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தெர்சுவுக்கு ஓர் அறை கிடைத்தது. அன்பான வீடுதான். ஆனால், அவருக்கு எதுவுமே விளங்கவில்லை.

ஒரு நாள் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்தவருக்கு அர்சேனியெவ் காசு கொடுத்தார். தெர்சு திகைத்துப்போனார். தண்ணீருக்குக் காசா? ஜன்னல் வழியாகப் பார்த்தால் அமுர் நதி கண்ணுக்கெட்டிய தூரம் ஓடுகிறதே! விறகுக்கும் காசு கொடுத்தார்கள். காடு முழுக்க விறகு இருக்கும்போது ஏன் வீண் செலவு என்று நினைத்த தெர்சு, நண்பருக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஒரு காலை பக்கத்துத் தோட்டத்துக்குப் போய் ஒரு மரத்தை வெட்டினார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அர்சேனியெவ் போய் மீட்டு வந்தார். துப்பாக்கியைத் தெருவில் வெடித்துப் பார்க்கவும் கூடாது என்றார்கள்.

எத்தனையோ பேருக்கு வழி காட்டிய கிழவருக்கு ஒரு தெருவைத் தாண்டி எப்படி வாழ்வது என்று தெரியவில்லை. நெருப்பருகே உட்கார்ந்து நெருப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரு நாள், தான் மலைக்கே திரும்பிப் போவதாகச் சொன்னார். அர்சேனியெவ் எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். பயனில்லை. தன் மூட்டையையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு தெர்சு நடந்தார்.

இரண்டு வாரம்கூட நிம்மதியாகப் போகவில்லை. கபரோவ்ஸ்குக்குத் தெற்கே, கோர்ஃபோவ்ஸ்கயா என்ற சிறு ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் காட்டில், நெருப்பருகே தூங்கிக்கொண்டிருந்த ஒரு வயதான வேட்டைக்காரரை யாரோ கொன்றுவிட்டார்கள் என்று தகவல் வந்தது. அர்சேனியெவ் ஓடினார். அது தெர்சுதான். பணம் இருக்கும் என்று தேடியிருக்கிறார்கள். துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கரடிக்கும் புலிக்கும் புயலுக்கும் தப்பியவர் மனிதர்களிடம் தப்ப முடியவில்லை. அது 1908 மார்ச் மாதம்.

அங்கேயே அடக்கம் செய்தார்கள். இரண்டு பெரிய மரங்கள் அருகே நின்றன. அவற்றை அடையாளமாக மனத்தில் வைத்துக்கொண்டு அர்சேனியெவ் திரும்பினார்.

மீண்டும் ஒரு நீண்ட பயணம் போய்விட்டு, 1910ஆம் ஆண்டில் தெர்சுவின் கல்லறையைப் பார்க்க வந்தார். இடமே அடையாளம் தெரியவில்லை. நிலையத்தைச் சுற்றி ஊர் எழும்பியிருந்தது. மலையடிவாரத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். காட்டை வெட்டியிருந்தார்கள். அந்த இரண்டு பெரிய மரங்களும் இல்லை. ஒரு காட்டுக்கு வரைபடம் போடுகிறார்கள் என்றால் பின்னாலேயே சாலையும் ரயிலும் கோடரியும் வரும் என்பது அர்சேனியெவுக்கு நன்றாகத் தெரியும். அந்த வரைபடத்தைப் போட்டவரே அவர்தானே! காட்டையும் மக்களையும் காக்க வேண்டும் என்று பிற்காலத்தில் அவர் எழுதியவற்றைப் படிக்கும்போது, கல்லறையைத் தேடி அலைந்த அந்த நாள் நினைவுக்கு வராமல் இருக்காது.

பிறகு

தெர்சுவைப் பற்றி அர்சேனியெவ் இரண்டு நூல்கள் எழுதினார். ‘உசூரிப் பகுதியில்’ 1921ஆம் ஆண்டிலும், ‘தெர்சு உஸாலா’ 1923ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. உலகின் பல மொழிகளுக்கு அவை போயின. ஜப்பானின் புகழ்பெற்ற இயக்குநர் அகிரா குரோசாவா 1975ஆம் ஆண்டில் இதைத் திரைப்படமாக எடுத்தார். அந்தக் காடுகளிலேயே போய்ப் படம்பிடித்தார். தெர்சுவாக நடித்தவர் மக்ஸிம் முன்சுக். அவர் சைபீரியாவின் துவா பகுதியைச் சேர்ந்தவர். சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் விருது இந்தப் படத்துக்குக் கிடைத்தது. ஹன்கா ஏரிக் காட்சியைப் பார்க்கும்போது உங்களுக்கே குளிரும்.

தெர்சுவின் ‘அம்பா’க்களுக்கு என்ன ஆயிற்று? 1940ஆம் ஆண்டு வாக்கில் அந்தக் காடுகளில் 40 புலிகள்கூட இருக்கவில்லை என்று மதிப்பிட்டார்கள். 1947இல் புலி வேட்டைக்குத் தடை வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எண்ணிக்கை ஏறியது. 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 500க்கும் மேல்! 1935இல் தொடங்கிய சிகோத்தே–அலின் காப்பகத்தை உள்ளடக்கிய மலைப்பகுதி 2001இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் இடம்பெற்றது. 2015இல் பிகின் நதியின் கரைகளில் சுமார் 11,600 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு தேசியப் பூங்கா அமைத்தார்கள். அங்கே பரம்பரையாக வாழும் உதேகே, நானாய் மக்கள் தங்கள் முறைப்படி வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் இடம் உண்டு.

கோர்ஃபோவ்ஸ்கயா அருகே இப்போது தெர்சுவின் நினைவாகப் பெரிய பாறை ஒன்று நிற்கிறது.  இன்னொரு கல்லும் உண்டு. அதைப் பார்க்க நல்ல தொலைநோக்கி வேண்டும். 1981ஆம் ஆண்டில் செக்கோஸ்லோவாக்கியாவின் கிளேட் வானாய்வு மையத்தில் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார்கள். அதன் எண் 4142. பெயர், தெர்சு உஸாலா. அவர் ‘பெரிய ஆள்’ என்று சொன்னாரே, அந்தச் சூரியனைத்தான் அது சுற்றிக்கொண்டிருக்கிறது.